கவர்னர் முன்னால் பேசக் கூடாது

போன மழைக்காலத்தில் ஒரு கவர்னர் என்னைச் சிறை வைத்தார். அவர் செத்து இருநூறு வருடம் ஆகியிருக்கும். ஆளும் ஒரு கோழிமுட்டையைவிடப் பெரியவர் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்காதே என்றார், திறக்கவில்லை. நகராதே என்றார், நகரவில்லை. அவர் உயிரோடு ஆண்ட ஜனங்கள்கூட அவ்வளவு அடக்கமாக இருந்திருக்க மாட்டார்கள்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்புவது கஷ்டம். நான் வேலை பார்த்தது பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில். என் குரலைக் கேட்டுப் பயணிகள் மட்டுமல்ல, பழுதாகி நின்ற பேருந்துகளே ஒன்றிரண்டு கிளம்பிப் போயிருக்கின்றன. ஓய்வு கொடுத்த அன்று மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்; வாயை வாங்க மறந்துவிட்டார்கள். அதிலிருந்து, தவறான எண்ணுக்குப் போன் செய்பவர்கள்கூட என்னிடம் சுலபத்தில் தப்பியதில்லை. ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கே என்னை அழைத்துவிட்டார்.

இந்த வாயை நம்பித்தான் என் மகள் என்னைத் தூது அனுப்பினாள்.

அவள் பாலம் கட்டும் பொறியாளர். எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போடுகிறார்களாம். வந்து பொறுப்பேற்கிறாயா என்று கேட்டிருந்தார்கள். பதிலை அன்று ஆபீஸ் மூடுவதற்குள் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை கணக்குப் பார்ப்பவர். கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் கிணற்றுக்குள் உட்கார்ந்தும் வேலை பார்ப்பார். இரண்டு பேருக்கும் போக ஆசை. அதை மாப்பிள்ளையின் அம்மாவிடம், அதாவது என் சம்பந்தியம்மாவிடம், யார் சொல்வது என்பதில்தான் எல்லாம் நின்றது.

“நீயே சொல்லேன்மா.”

“நான் சொன்னா மருமக பிரிச்சுக் கூட்டிட்டுப் போறான்னு ஆயிடும்பா.”

“மாப்பிள்ளை?”

“அவர் தினமும் சொல்லப் போறேன், சொல்லப் போறேன்னு எழுந்து போறார். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துட்டுத் திரும்பி வந்துடறார்.”

சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. மியூசியத்தில் பழைய ஓவியங்களைப் பழுது பார்ப்பவர். கை அந்த வேலையில் பழகிவிட்டது. வீட்டையும் அதே கையால்தான் நடத்தினார். ஜன்னலைத் திறந்தால் தூசி வரும், ஈரம் வரும், வெயில் பட்டு சோபாவின் நிறம் போகும். சாப்பாட்டு மேசைக்கு மேலே காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி ஒன்றை மாட்டி வைத்திருந்தார். யாராவது சூடாக ஏதாவது பரிமாறினால் முதலில் அதன் முள் துடிக்கும், அடுத்து அவருடைய புருவம் துடிக்கும். நான் அங்கே விருந்துக்குப் போனால் தும்மலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துதான் தும்முவேன்.

“நல்லாத்தான் பாத்துக்கறாங்கப்பா,” என்றாள் மகள். “கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பாத்துக்கறாங்க. மூச்சு முட்டுது. அவங்க வாயால ஒரு ‘போ’ வந்தா போதும். வரலன்னா அவர் வாசலைத் தாண்ட மாட்டார். அவரை விட்டுட்டு நானும் போக மாட்டேன். வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுவேன்.”

“இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா!” என்று குடையை எடுத்தேன்.

மியூசியத்தின் கீழ்த்தளத்தில், இருட்டான நடையின் கடைசியில், அந்தப் பெட்டக அறை இருந்தது. இரும்புக் கதவு. அதன் தடிமனைப் பார்த்தால் உள்ளே ராஜாவின் புதையல் இருக்கிறதோ, ராஜாவே இருக்கிறாரோ என்று தோன்றும். கதவின் நடுவில் ஒரு துவாரம்; அதை ரப்பர் மூடியால் அடைத்திருந்தார்கள். வெளியே முக்காலி போட்டு ஒரு காவல்காரர். எல்லோரும் அவரைப் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பொருத்தமான பெயர். அவர் கொட்டாவி விட்டால்கூட வாயை உடனே மூடிவிடுவார்.

சம்பந்தியம்மா கையில் ஒரு சின்னப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க சம்பந்தி. நல்ல நேரத்துல வந்தீங்க. என் உதவியாளர் லீவு. ரெண்டாவது ஆள் இல்லாம நான் உள்ள போகக் கூடாது. பேசணும்னா உள்ள வாங்க.”

“ரெண்டாவது ஆள் எதுக்கு?”

“ஒருத்தர் தனியா போனா எதையாவது எடுத்துட்டு வந்துடலாமாம்.”

“ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து எடுத்தா?”

“உங்களோட கூட்டா? வெளிய வந்ததும் நீங்களே அறிவிப்பு பண்ணிடுவீங்களே,” என்றார்.

உள்ளே போனோம். பூட்டு வெளியிலிருந்து கதவைச் சாத்திப் பூட்டினார். அது வழக்கம்தானாம், வேலை முடிந்து உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் வெளியே மணி அடிக்கும், அவர் திறப்பார். அறை எவ்வளவு பெரியது என்றால், நான் சோம்பல் முறித்தால் இரண்டு பக்கச் சுவரும் ஆட்சேபிக்கும். சுற்றிலும் இரும்பு இழுப்பறைகள். நடுவில் ஒரு மேசை. மூலையில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் எந்திரம் ஒன்று, நன்றாகச் சாப்பிட்ட பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தார். கவர்னர் தரிசனம் கொடுத்தார்.

நகத்தைப் போல மெல்லிய தந்தத் தகட்டில் வரைந்த முட்டை வடிவப் படம். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கச் சரிகைக் குஞ்சம், மார்பில் பதக்கங்கள். அந்தப் பதக்கங்களின் பாரத்துக்கு நிஜ மனிதனாக இருந்தால் முகம் குப்புற விழுந்திருப்பான். இவர் படைத்தலைவராக இருந்து, பிறகு சண்டையில் பிடித்த ஏதோ ஒரு நாட்டுக்குக் கவர்னராகப் போனவராம்.

“மேல இருந்த கண்ணாடி வேர்க்க ஆரம்பிச்சுடுச்சு,” என்று சட்டத்தைப் பிரித்துப் பழைய கண்ணாடியைக் கழற்றினார் சம்பந்தியம்மா. “ரொம்பப் பழசானா சில கண்ணாடி அப்படித்தான். சொட்டு விழுந்தா படம் போச்சு. புதுசு போட்டு ஓரத்தை ஒட்டிட்டா முடிஞ்சுது. ம், என்ன விஷயம், சொல்லுங்க.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். முன்னுரையெல்லாம் தயாராக இருந்தது. “சம்பந்தியம்மா, நம்ம பசங்க...” என்று ஆரம்பித்தேன்.

மின்சாரம் போனது.

பூனை உறுமல் அடங்கியது. சுவரில் ஒரு பேட்டரி விளக்கு நோயாளி போலக் கண் விழித்தது. நான் பாய்ந்து பொத்தானை அழுத்தினேன். மணிக்கும் அதே மின்சாரம்தான். அவ்வளவுதான், எனக்குள் இருந்த வீரன் எங்கே போனானோ தெரியவில்லை, இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன். தட்டினேன் என்றால் சும்மா இல்லை. மேல்தளத்தில் நின்ற சிலைகள் குனிந்து பார்த்திருக்கும்.

வெளியே கடக்கென்று இன்னொரு தாழ்ப்பாள் விழுந்தது. முக்காலியைக் கதவோடு சேர்த்து இழுத்துப் போடும் சத்தம். ரப்பர் மூடி வழியாகப் பூட்டின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

“ஆகட்டும் மேடம்! ஒரு ஈ காக்காயை விட மாட்டேன்!”

“என்ன இது?” என்றேன்.

“நீங்க தட்டினீங்க இல்ல?” சம்பந்தியம்மா அமைதியாகச் சொன்னார். “மணி அடிச்சா திறக்கணும். தட்டினா, படம் கண்ணாடியில்லாம இருக்கு, மழை ஈரம் உள்ள வரும், யார் வந்தாலும் திறக்காதேன்னு அர்த்தம். நான்தான் சொல்லி வச்சிருக்கேன். ரொம்ப நேரம் தட்டினா, ரொம்ப முக்கியம்னு எடுத்துக்குவான்.”

“அந்த மூடியை எடுத்துட்டு விஷயத்தைச் சொல்லிடலாமே!”

“அதைத் தொடாதீங்க! அது வழியா வர்ற ஈரமே போதும். நீங்க தட்டலன்னா நானே தட்டியிருப்பேன்.”

“அப்ப கண்ணாடியைப் போட்டு இவரை மூடிடுங்க. போவோம்.”

“இப்ப மூடினா இந்த ஈரத்தையும் சேர்த்து உள்ள வச்சு மூடற மாதிரி. கரண்ட்டு வந்து, காத்து காயணும்.” மேசை மேலிருந்த ஈரமானியைப் பார்த்தார். முள் ஏற ஆரம்பித்திருந்தது. உடனே ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலங்களை எடுத்துக் கவர்னரைச் சுற்றித் தலையணை மாதிரி அடுக்கினார். “தந்தம் ஈரம் பட்டா சுருளும் சம்பந்தி. மேல இருக்கற பெயிண்டு சுருளத் தெரியாம உதிர்ந்துடும். அதனால நீங்க இனிமே பேசக் கூடாது.”

“மெதுவா பேசறேன்.”

“கூடவே கூடாது. ஒவ்வொரு வார்த்தையும் ஈரம். அதுவும் உங்க வார்த்தைங்க கூட்டமா வரும்.”

ஒரு முகமூடியைக் கொடுத்து, இழுப்பறைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இந்தத் தண்டனை கிடைத்ததில்லை. அங்கே ஆசிரியருக்கே பேச இடம் கொடுக்காதவன் நான்.

பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. சொல்ல வேண்டியது முதலில் தொண்டையில் நின்றது. பிறகு மார்புக்கு இறங்கியது. பிறகு வயிற்றில் போய்ப் புரண்டு படுத்தது. சுவர்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு அங்குலம் நெருங்கி வருவதாக எனக்குப் பட்டது, சத்தியமாக வந்தன. அங்கே ஆபீஸ் மூடப்போகிறது. இங்கே நான், சொல்ல வேண்டியவரிடமிருந்து கையெட்டும் தூரத்தில், வாயில் துணியோடு.

முதுகில் சட்டை ஒட்டியது. அதையும் கவர்னர் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன்.

கடைசியில் கையால் சொல்லிப் பார்த்தேன். திரும்பி, இரண்டு கையையும் நீட்டி, முதுகை வளைத்துப் பாலமாக நின்றேன்.

“இடுப்பு வலியா?” என்றார்.

தலையாட்டி மறுத்து, கீழே ஆறு ஓடுவதாக விரல்களை நெளித்துக் காட்டினேன்.

“பாத்ரூமா? அடக்கிக்குங்க.”

மாப்பிள்ளையைக் காட்டுவதற்காக மூக்குக் கண்ணாடியைத் தள்ளித் தள்ளிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, பாவமாக நின்றேன். இந்த முறை அவர் எதையும் தப்பாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“இங்க வாங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாங்க.”

பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு, தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே, ஒரு வாக்கியம் பேசுவதும் கொஞ்சம் நிறுத்துவதுமாகச் சொன்னார்.

“முகத்தைப் பாருங்க. என்ன வயசிருக்கும்?”

பார்த்தேன். பதக்கத்தையும் சரிகையையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், உள்ளே இருந்தது ஒரு பையன். மீசை முளைக்குமா முளைக்காதா என்று யோசித்துக்கொண்டிருந்த உதடு. யாரோ ‘ஆடாம நில்லு’ என்று அதட்டியதில் பயந்துபோன கண்.

“கப்பல் ஏறறதுக்கு முன்னாடி வரைஞ்சது. அப்ப அவன் பட்டாளத்துல சாதாரண ஆபீசர். படம் அம்மாகிட்ட இருந்துச்சு.” நிறுத்தினார். “அப்பறம் அவனுக்குப் பதவி உயர்ந்துச்சுன்னு சேதி வந்திருக்கும். அவ ஒரு ஓவியனைக் கூப்பிட்டு, அதே கோட்டு மேல சரிகை போட வச்சிருக்கா. இன்னும் உயர்ந்தான். குஞ்சம். கவர்னர் ஆனான். பதக்கம். ஒவ்வொண்ணும் வேற வேற ஆள் கை. பெயிண்டு மேல பெயிண்டு ஏறிக் கிடக்கு.” மறுபடி நிறுத்தினார். “முகத்துல மட்டும் யாரும் கை வைக்கல. அவளுக்குத் தெரிஞ்ச முகம் அதுதான். அவன் திரும்பி வரவே இல்ல.”

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. முகமூடியைக் கடித்துக்கொண்டு என் இடத்துக்கே திரும்பிப்போய் உட்கார்ந்தேன்.

“முதல்ல பாவமா இருந்துச்சு. அப்பறம் கோவம்தான் வந்துச்சு. யாரு அனுப்பச் சொன்னா? வழியனுப்பி வச்சதே அவதானே. நான் அனுப்ப மாட்டேன்.” குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. “நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியாம இல்ல சம்பந்தி. என் பையன் தினமும் மாத்திரையை வச்சுக்கிட்டு எதிர்ல நிக்கறான். பெத்தவளுக்குத் தெரியாதா, மாத்திரை குடுக்க அவ்வளவு நேரம் எதுக்குன்னு? கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அதனாலதான் கேக்கல.”

என் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து அந்த முகமூடிக்குப் பின்னால் நெரிந்தன. ஒன்றுகூட வெளியே வர முடியாது. மேசையில் அந்தப் பையன் இலேசாக, மிக இலேசாக, ஒரு ஓரம் தூக்கிக் கிடந்தான். முள் ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வெளியே என் மகளின் குரல் கேட்டது.

“எங்கப்பா உள்ள இருக்காரா?”

“இருக்காரும்மா.” பூட்டுதான். “உள்ளேருந்து தட்டினாங்க. தட்டினா திறக்கக் கூடாது.”

“ஆபீஸ் மூடப் போறாங்க. ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்.”

“முடியாதும்மா. கவர்னர் கண்ணாடி இல்லாம இருக்காரு.”

“யாரு?”

“கவர்னரும்மா. இப்ப யாரையும் பாக்க மாட்டாரு.”

வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பது இரும்புக் கதவு வழியாகவே எனக்குத் தெரிந்தது.

“சரிண்ணே,” என்றாள். “நான் வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறேன்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க. அவர் முயற்சி பண்ணினார், தெரியும், பரவால்லன்னு சொல்லுங்க. அத்தைக்கு இது எதுவும் தெரிய வேண்டாம். ஏற்கெனவே சரியா தூங்க மாட்டேங்கறாங்க.”

காலடிச் சத்தம் நகர்ந்தது.

நான் எழுந்தேன். கதவுக்குப் போக வேண்டுமானால் கவர்னரைத் தாண்டிப் போக வேண்டும். கத்தினால் என் மூச்சு முழுக்க அந்தப் பையன் முகத்தில். போகாவிட்டால் என் பெண். பாதி எழுந்த நிலையில், முட்டி மடங்கி, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தவன் மாதிரி மாட்டிக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்ததை நான் கொஞ்சம்கூட மிகைப்படுத்தவில்லை. அந்த அம்மாள் பறந்தார். முகமூடியைப் பிய்த்து எறிந்தார். ரப்பர் மூடியைப் பிடுங்கினார். துவாரத்தில் வாயை வைத்தார்.

“நில்லுடீ!”

பேருந்து நிலையத்தில் மைக் இல்லாமல் என்னால் அப்படி ஒரு சத்தம் போட முடிந்திருந்தால் எனக்குப் பதக்கம் கொடுத்திருப்பார்கள். இழுப்பறைகள் எல்லாம் அதிர்ந்தன.

“அத்தை?”

“போறோம்னு எழுதுடி! ரெண்டு பேரும் வர்றோம்னு எழுது! அவனைக் கேக்காதே, நான் சொன்னேன்னு சொல்லு!”

“அத்தை, நிஜமாவா...”

“நின்னு பேசாதே, ஆபீஸ் மூடிடுவான்! பூட்டு, கதவைத் திறக்காதே! அவளுக்கு ஆட்டோ பிடிச்சுக் குடு!”

துவாரம் வழியாக மழை நனைத்த காற்று குபுகுபுவென்று வந்தது. நான் கவர்னருக்கு முன்னால் போய் முதுகைக் கொடுத்து நின்றேன். இவ்வளவு பெரிய உடம்பு எனக்கு எதற்கு என்று டாக்டர் அடிக்கடி கேட்பார். அன்று பதில் தெரிந்தது. ஆனாலும் காற்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. எனக்குப் பின்னால், கொசு இருமினால் எப்படி இருக்குமோ அப்படி, டிக்கென்று ஒரு சத்தம்.

சம்பந்தியம்மா மூடியை அடைத்துவிட்டுத் திரும்பினார். இருவரும் குனிந்தோம். ஒரு பதக்கம் உதிர்ந்து, தங்கப் பொடியாக, சிவப்புக் கோட்டின் கீழே கிடந்தது.

சம்பந்தியம்மா மெல்லிய தூரிகையால் அந்தத் துணுக்கைத் தொட்டு எடுத்து ஒரு சின்னக் குப்பியில் போட்டார்.

“இப்ப நான் பேசலாமா?” என்றேன், முகமூடிக்குள்ளேயே.

“பேசுங்க. இனிமே என்ன.”

“மியூசியத்துல கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“நான் கத்தினேன், விழுந்துச்சுன்னு சொல்லுவேன்.”

“கரண்ட்டு போனதைச் சொல்லலாம். என்னைச் சொல்லலாம். நான் தும்மினேன்னு சொல்லுங்க, எல்லாரும் நம்புவாங்க.”

“கத்தினது நான்தான் சம்பந்தி,” என்று பூதக்கண்ணாடியை எடுத்து, பதக்கம் இருந்த இடத்தின் மேல் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

பதக்கத்துக்கு அடியில் பழைய கோட்டு தெரிந்தது. முதல் ஓவியன் வரைந்த கோட்டு. அதில் ஒரு பித்தான். மற்றப் பித்தான்கள் சிவப்பு நூலில் இருக்க, அது மட்டும் வெளிர்நீல நூலில் தைக்கப்பட்டிருந்தது. அவசரமாக, கையில் கிடைத்த நூலால், யாரோ தைத்தது. ஓவியன் பார்த்ததை அப்படியே போட்டிருக்கிறான்.

“கிளம்பற அன்னிக்கு அறுந்திருக்கும்,” என்றார் சம்பந்தியம்மா. என் பக்கத்தில், இழுப்பறையில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேட்டரி விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. கதவு பூட்டியேதான் இருந்தது. வெளியே பூட்டு திரும்பி வந்து முக்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது.

“அந்த ஆத்தங்கரைல,” என்று மெதுவாகக் கேட்டார், “காத்துல ஈரம் எப்படி இருக்கும்?”

“ஈரமா? மீனெல்லாம் ஆத்துல எறங்காம காத்துலயே நீந்துமாம்.”

“பொய்.”

“பாதிதான் பொய்.”

“எந்தப் பாதி?” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “எல்லாத்தையும் சொல்லுங்க. வீடு, கடை, ஆஸ்பத்திரி, ஜனங்க எப்படி, எல்லாத்தையும்,” என்றார்.

நான் அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தேன்.